சடையன் வீட்டு வாசலில் இல்லாதவர்

சடையன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன செவ்வாய்க்கிழமையிலிருந்து டீக்கடைக் கந்தவேல் சடையன் வீட்டு வாசலில் மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மற்ற இடமெல்லாம் தெரிவார். கடையில் தெரிவார், சங்ககிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் தெரிவார், மேச்சேரிச் சந்தையில் கிடாய்க்கு விலை பேசினால் நன்றாகவே தெரிவார். சடையன் வீட்டு வேப்பமரத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால்தான் ஆளைக் காணோம். வேட்டி, தோளில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, எல்லாம் சேர்ந்து போய்விடும். கத்தினாலும் சத்தம் வராது. இதை முதலில் பார்த்தது பால்காரர். பாறைக்காட்டூர் பால் சொசைட்டியில் அன்றைக்கு லிட்டர் என்ன விலைக்குப் போனது என்பதைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இதையும் சொன்னார். கேட்டவர்கள் விலையைப் பற்றித்தான் மறுகேள்வி கேட்டார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தது: சாட்சி கந்தவேல் அந்த வாசலில் இருக்கவே இல்லை. டெல்லியில் இருக்கிற அந்தக் கோர்ட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் போய் முறையிட இந்த நாட்டில் வேறு இடம் கிடையாது. ஊரும் வாசலும் வேப்பமரமும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான்.

கந்தவேல் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் வயிற்றெரிச்சல். அவர் கடை போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே. ஸ்டேஷனுக்குக் காலையில் டீ போகும், சாயங்காலம் போண்டா போகும், நடுவில் எப்போதாவது ஒரு கையெழுத்தும் போகும். சாராய பாட்டில் பிடித்தோம், திருட்டு மோட்டார் பிடித்தோம், பக்கத்தில் நின்று பார்த்தவர் இன்னார் என்று மகஜரில், அந்தப் பறிமுதல் காகிதத்தில், எழுத ஒரு ஆள் வேண்டுமே. தெருவில் போகிறவனைக் கூப்பிட்டால் வருவானா? கந்தவேல் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவார். அடுப்பில் பால் பொங்குவதற்குள் வேலை முடிந்துவிடும். கடைக்கு முன்னால் ரோட்டை அடைத்துத் தகரக் கொட்டகை போட்டிருந்தார், அதை யாரும் எடுக்கச் சொன்னதில்லை. அவ்வளவுதான் கணக்கு. லோடு புரோக்கர் ஒருத்தரை யாரோ அடித்துக் கொன்ற வாரம், இன்ஸ்பெக்டர் காளிதாஸ் கூப்பிட்டு அனுப்பினார். லோடுமேன் சடையன் தன் வீட்டு வாசலில் வைக்கோல் போருக்கு அடியிலிருந்து ரத்தக்கறை படிந்த ஜாக்கி லிவரை, லாரிக்கு ஜாக்கி போடுகிற இரும்புத் தடியைத் தானே எடுத்துக் கொடுத்தான், கந்தவேல் பக்கத்தில் நின்று பார்த்தார் என்று மகஜரில் எழுதியிருந்தது, கையெழுத்துப் போட்டார். எடுத்துக் கொடுத்ததாகச் சொன்ன நேரத்தில் கந்தவேல் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். சடையனுக்கும் புரோக்கருக்கும் கூலித் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும், அதனால் அவனாகத்தான் இருக்கும் என்று இவரும் நினைத்தார். அப்படி இல்லாவிட்டால் கோர்ட்டு பார்த்துக்கொள்ளாதா என்றும் நினைத்தார். கூண்டில் ஏறி நின்று, என் கண்ணால் பார்த்தேனுங்க சாமி என்றார். பிறகு பஸ் பிடித்து வந்து சாயங்கால வியாபாரத்தைப் பார்த்தார்.

கீழ்க் கோர்ட்டு அதை நம்பியது. அதற்கு மேல் கோர்ட்டும் நம்பியது. கோர்ட்டு நம்பிய பிறகு அது நடந்ததாகவே ஆகிவிட்டது. சடையன் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மாளுக்கு, அன்றைக்குக் கந்தவேல் அந்த வாசலில் துண்டை உதறிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. கந்தவேலுக்கே வந்தது. வைக்கோல் வாசம், வேப்பம்பழத்தை மிதித்த வழவழப்பு, சடையன் குனிந்தபோது முதுகில் இருந்த மூட்டைத் தழும்பு, எல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது. காணாததைக் கண்ட ஆள் நிம்மதியாகத் தூங்கினார். சடையன் ஜெயிலில் கிடந்தான். அவன் மகள் பெரியவளாகி, அப்பன் இல்லாமல் மணவறையில் உட்கார்ந்து, புருஷன் ஊருக்கும் போய்விட்டாள். அவன் பொண்டாட்டி அங்காளம்மாள் நூல் மில் ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் கந்தவேல் கடையைத் தாண்டித்தான் போவாள். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை, ஒரு டீ குடித்ததில்லை. புதுசாக வந்த டீ மாஸ்டர்கூட, அந்தம்மா ஏனுங்க இந்தப் பக்கமே பாக்க மாட்டீங்கறாங்க என்று கேட்டிருக்கிறான். கந்தவேல் கேட்காதவர் மாதிரி பாய்லரைத் தட்டினார்.

இலவசமாக வழக்கு நடத்த வந்த வக்கீல் கோகிலவாணிதான் இதை டெல்லிவரை இழுத்துக்கொண்டு போனார். இந்தச் சாட்சி இன்னும் எத்தனை வழக்கில் இதே மாதிரி பக்கத்தில் நின்றிருக்கிறார் என்று எடுத்துக் காட்டினார். நீதிபதிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மனுஷனைப் பிடித்து அடைக்கிற அதிகாரம் அரசாங்கத்துக்கு இருக்கிறதென்றால், அது ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற டீக்கடையிலிருந்து வரக்கூடாது என்றார்கள். ஏழையின் வாசலும் வாசல்தான், அங்கே நடக்காததை நடந்ததாக எழுத எந்தச் சர்க்காருக்கும் உரிமை இல்லை என்றார்கள். அந்த நிமிஷமே கோர்ட்டுச் சாமான் அறையில் சீல் வைத்திருந்த ஜாக்கி லிவர் காணாமல் போனது, சீல் அப்படியே இருந்தது. ஓய்வு பெற்றிருந்த காளிதாஸும் அந்த வாசலில் தெரியாமல்தான் போயிருப்பார். அவருக்கு அங்கே என்ன வேலை? அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஸ்டேஷனில் மட்டும் கஷ்டமாகிவிட்டது. இப்போதெல்லாம் எஸ்.ஐ. வெயிலில் நடந்து போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, நிஜமாகவே பார்த்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. தேடட்டும்.

கந்தவேலுக்கு நேர்ந்ததுதான் பொல்லாதது. தீர்ப்பைப் பையன்கள் செல்போனில் சத்தமாகப் படித்தார்கள். இவர் பெயர் வருகிற இடத்தில் நிறுத்தி, இவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தார்கள். அவருக்கு ஞாபகத்தில் இருந்த வைக்கோல் வாசம் போய்விட்டது, தழும்பு போய்விட்டது. அந்த இடத்தில் வடை மாவும் கிரைண்டர் சத்தமும்தான் மிச்சம். உடம்பெல்லாம் கூசியது. சட்டை போடக் கூசியது, கல்லாவில் உட்காரக் கூசியது. சாமி கும்பிடப் போனால் பூசாரி திருநீறு கொடுத்தார், வாங்கக் கை நீளவில்லை. ஒரே ஒரு காரியம் செய்யாமல் இனிச் சோறு இறங்காது என்று தெரிந்தது. சடையன் முகத்துக்கு நேரே நின்று, நான் பார்க்கலீங்க, பொய் சொல்லிப்போட்டேன் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் சடையனோ விடுதலையாகி வந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டுவதில்லை. லாரி ஆபீஸில் கூப்பிட்டார்கள், போகவில்லை. மகள் வந்து கூப்பிட்டாள், போகவில்லை. போனைத் தொட மாட்டான். சடையன் இருக்கிற ஒரே இடம் கந்தவேல் இல்லாத ஒரே இடம். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் தெருவில் நின்று கத்தினால் ஊருக்குச் சொன்னதாகும், அவன் முகத்துக்கு நேரே சொன்னதாகாது. கந்தவேல் போய்ப் பார்த்தார். வேப்பமரத்தைத் தாண்டினார், தன் கையே தனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார், காலில் விழுந்தார், அழுதார். சடையன் அவர் வழியாகப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை நீட்டியபடி நின்றான். அங்காளம்மாள் சோற்றைப் போட்டாள். சொந்த வீட்டில் ஒரு ஆள் தட்டை நீட்டிக்கொண்டு ஜெயில் வரிசையில் நிற்கிற மாதிரி நின்றதைப் பார்த்த கந்தவேல் அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர் மறுநாள் கடை திறக்கவில்லை. நீயாவது போய்ச் சொல்லிவிட்டு வா என்று பொண்டாட்டி சித்ராவைக் கேட்டார். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "உங்க வாயில வந்த பழி, எம் வாயில எப்படிங்க எறங்கும்?" என்றாள்.

கடைசியில் அவர் நாமக்கல் போய்க் கோகிலவாணி வக்கீலையே பார்த்தார். தீர்ப்பில் நான் அங்கே இல்லை என்கிற அந்த ஒரு வரியை மட்டும் நீக்கச் சொல்லி மனுப் போட முடியுமா, செலவு என் பொறுப்பு, நான் அந்த வாசலில் தெரிந்தால் போதும், மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். வக்கீலம்மா தீர்ப்பின் நகலை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார்.

"அண்ணா, நீங்க அங்க இருந்தீங்கன்னு ஆகிப்போச்சுன்னா, லிவரும் அங்க இருந்ததா ஆயிருமுங்க. அவரு மறுபடி உள்ள போவோணும். பரவால்லீங்களா?"

கந்தவேல் எழுந்துவிட்டார். தான் கேட்டது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கப் போகிற ஆசையிலும் அந்த மனுஷனைத் திரும்ப ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தார், பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. அதற்கப்புறம் மனுவைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் வாசலுக்குப் போவதையும் விடவில்லை. சாயங்காலமானால் டீ மாஸ்டரிடம் கடையை விட்டுவிட்டுப் போவார், உள்ளே போய் ஓரமாக நிற்பார், இருட்டுவதற்கு முன் வந்துவிடுவார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அங்காளம்மாள் மில்லுக்குப் போகிற வழியில் கடைக்கு முன்னால் நின்றாள். கந்தவேல் தானே டம்ளரைக் கழுவி டீ போட்டு நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எங்கூட்டு வாசலுக்கு வாரது நீங்கதானுங்க? வேப்பமரம் வரைக்கும் செருப்புத் தடம் இருக்குது. அங்கிருந்து திரும்பிப் போன தடமும் இருக்குது. நடுவுல ஒண்ணையும் காணோம்."

கந்தவேல் தலையை ஆட்டினார்.

"அவருகிட்டச் சொன்னனுங்க."

"என்ன சொன்னாருங்க? மன்னிச்சாருங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுஞ் சொல்லல. வந்தா வரட்டும், நின்னு பாக்கட்டும்னாரு. அன்னைக்கு வராமயே பாத்தேன்னு சொன்னீங்களே. இப்ப வந்து பாருங்க."

சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டாள். டீ ஆறிப்போனது. கந்தவேல் அதைக் கொட்டாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாயங்காலம் கடையில் அவரைத் தேடி வருகிறவர்களிடம், அவரு சடையன் ஊட்டுக்குப் போயிருக்காருங்க, வார வரைக்கும் உக்காருங்க என்று டீ மாஸ்டர் சொல்கிறான். போனவர் அங்கே ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்க்கிறார். சடையன் திறந்த கதவுக்கு முன்னால் யாராவது உத்தரவு கொடுக்கட்டும் என்று காத்து நிற்பதைப் பார்க்கிறார். கட்டிலில் கண்ணயர்ந்தால் தூக்கத்தில் எவருக்கோ பதில் சொல்வதைக் கேட்கிறார். ஜெயிலில் பொழுது சாய்ந்தால் பூட்டுவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுப்பார்களாம். சடையனுக்கு அது இன்னும் விடவில்லை, ஆனால் இப்போதெல்லாம் கணக்கெடுப்பது அவன்தான். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கட்டிலைவிட்டு எழுந்து, வேப்பமரத்துப் பக்கம் திரும்பி, "கந்தவேலு?" என்று கூப்பிடுகிறான். இருக்கேனுங்க சாமி என்று கந்தவேல் சொல்கிறார். அது கேட்காது, ஒரு நாளும் கேட்டதில்லை. சடையன் பதில் வருகிற அளவு நேரம் நிற்கிறான். பிறகு உள்ளே போய்த் தன் கையாலேயே கதவைச் சாத்திக்கொள்கிறான்.