மேஸ்திரி வீட்டு மஞ்சள் மீன்

மரக்காணம் உப்பளத்தில் கலியபெருமாள் மேஸ்திரிக்குத் தெரியாத உப்பு கிடையாது. புதிதாக வேலைக்கு வருபவர்களிடமெல்லாம், "சூரியன் தண்ணியத்தான் எடுத்துக்கினு போவான். உப்ப நமக்கு வச்சிட்டுப் போவான். இது புரிஞ்சா போதும்" என்பார். மற்ற விஷயங்களிலும் யாரும் கேட்காமலே ஏதாவது சொல்லிவைப்பார். அந்த வாய்தான் இந்த வம்பையும் விலைக்கு வாங்கியது.

மகள் பொன்னியைப் பெண் பார்க்க மெட்ராஸிலிருந்து தேவநாதன் என்ற பையன் தன் அம்மாவோடு வந்திருந்தான். நல்ல உத்தியோகம், நல்ல பையன். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன் வளர்ப்பதாகக் கூச்சத்தோடு சொன்னான். மேஸ்திரிக்கு நாக்கு நிற்கவில்லை.

"நம்ம வூட்ல கூட ஒண்ணு வளருதே. உள்ள இருக்குது."

பையன் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா. தட்டு மாத்த வர்றப்போ பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். மேஸ்திரிக்கு மறுநாளே மெட்ராஸ் பஸ்தான் கிடைத்தது. மூர் மார்க்கெட்டில் ஒரு தொட்டியும் ஒரு மஞ்சள் மீனும் வாங்கி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். பக்கத்துக் குப்பத்தில் வலை இழுக்கும் பக்கிரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"கடல வாசல்ல வச்சிக்கினு காசு குடுத்து மீன் வாங்கியாந்த மொத ஆளு நீதான்யா."

கடைக்காரன் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: கடல் தண்ணீர் ஊற்றுங்கள், தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயில், மேலே தகரக் கூரை. தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. பொன்னி ஒரு சொம்போடு வந்து நின்றாள்.

"அப்பா, கெணத்துத் தண்ணி கொஞ்சம் ஊத்தட்டா?"

"கடல் மீனுக்கு நல்ல தண்ணியா? கொன்னுடுவ போலருக்குது. பாத்தியில தண்ணி சுண்டினா என்னா பண்றோம்? வாய்க்கால தொறந்து வுடறோம். எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

அன்று முதல் வேலை முடிந்து வரும்போதெல்லாம் கடல் தண்ணீர் வரும் உப்பளத்து வாய்க்காலிலிருந்து ஒரு குடம் தூக்கி வந்து ஊற்றினார். அளத்தில் செய்கிற வேலையை வீட்டிலும் செய்வதில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

மீன்தான் இளைத்தது. இரை தின்னவில்லை. மேலே வந்து வாயைப் பிளந்தது, பிறகு அடியில் போய்ச் சாய்ந்து கிடந்தது. மீன் போனால் பொய் வெளிப்படும், பொய் வெளிப்பட்டால் சம்பந்தம் போய்விடும்.

"ஊர்க் கண்ணு பூரா இதும்மேலதான்" என்றாள் அவர் மனைவி அஞ்சம்மாள். கைநிறையக் கல்லுப்பை அள்ளித் தொட்டியைச் சுற்றினாள். சுற்றிய உப்பைத் தண்ணீரில் போட வேண்டும். அது கரைவது போலக் கண்ணேறும் கரையும். கைக்கு எட்டிய தண்ணீர் தொட்டித் தண்ணீர்தான். போட்டாள்.

தட்டு மாற்றும் நாளன்று காலையில் மீன் மிதந்தது.

மேஸ்திரி தொட்டியருகில் இடிந்துபோய் உட்கார்ந்தார். கண்ணாடி விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பழக்கதோஷம், நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். அருமையான உப்பு. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் சுரீர் என்றது. தண்ணீர் மட்டும்தானே போயிருக்கிறது, உப்பு எங்கே போகும்? கூடத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவித்திருக்கிறார், உள்ளே ஒரு உயிரை விட்டுவிட்டு. அவருக்கு அழுகை வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்ததும் தேவநாதன் மீனைத்தான் கேட்டான். உப்பைத் தின்னவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும். மேஸ்திரி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"மாப்ள, அன்னிக்கு வூட்ல மீனே கெடையாது. பொய் சொன்னேன். அப்பறமா வாங்கியாந்து நானே கொன்னுட்டேன். கொறைய கொறைய உப்புத் தண்ணியாவே ஊத்தினேன். கெணத்துத் தண்ணி ஊத்தட்டான்னு பொண்ணு கேட்டுச்சு. நாந்தான் திட்டித் தொரத்துனேன்."

அஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவநாதன் கதவோரம் நின்ற பொன்னியை நிமிர்ந்து பார்த்தான். போன தடவை அவன் அவளை இப்படிப் பார்க்கவில்லை.

"அவங்க சொன்னதுதான் மாமா சரி. கொறைஞ்சதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

அவன் அம்மா மகன் முகத்தையும் பார்த்தாள், பெண்ணின் முகத்தையும் பார்த்தாள். "தட்ட எடுங்க சம்பந்தி. ஆனா மெட்ராஸ் வந்தீங்கன்னா எங்க தொட்டிகிட்ட மட்டும் போவாதீங்க" என்றாள்.

மேஸ்திரி இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பொன்னி உள்ளே போய்ச் சொம்பை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"குடிப்பா. கெணத்துத் தண்ணிதான்."

மறுபேச்சுப் பேசாமல் குடித்தார்.