ஹெய்டி இன்னும் கேட்கவில்லை

1

இந்தக் கதை ஒரு குழந்தையின் வாந்தியில் பிறந்தது. இதை மறைத்து, ஏதோ ஏரிக்கரையில் உட்கார்ந்து யோசித்தபோது தோன்றியது என்று சொல்லலாம்தான். நான் இருக்கும் அமெரிக்க ஊரான டுலூத்தில் ஏரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் உண்மை அது இல்லை.

எங்கள் தெருமுனையில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை அங்கே ஒரு இளம் தாய், இடுப்பில் பெண் குழந்தையோடு நின்றிருந்தாள். காரில் குழந்தையைக் கட்டி உட்காரவைக்கும் கார் சீட், துணி உறை உரிக்கப்பட்டு, வெறும் பிளாஸ்டிக்காகத் துணி மடிக்கும் மேசைமேல் கிடந்தது. உறை இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கடை முழுக்கப் புளித்த பால் வாடை. அவள் சீட்டைத் துடைத்தாள், நின்றாள், அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரே இடத்தில் கட்டைவிரல் நகத்தால் தடவினாள். மறுபடியும் தடவினாள். இயந்திரம் நின்றது. ஈர உறையைச் சீட்டில் மாட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் பெயர்கூடத் தெரியாது. ஹெய்டி என்று நான் வைத்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வாக்கியத்துக்கு நான் பட்ட பாடு:

"ஹெய்டிக்கு அன்று காலையிலிருந்தே மனம் சரியில்லை." அடித்துவிட்டேன். ஒன்றரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு மனம் சரியில்லாமல் போக நேரம் ஏது?

"வடக்கு மின்னசோட்டாவில் குளிர்காலம் என்பது" வேண்டாம். குளிரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன்.

"ஜூனி வாந்தி எடுத்தாள்." இது நிற்கும். இதையே வைத்துக்கொள்வோம்.

3

ஜூனி வாந்தி எடுத்தாள். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டெப்ரா வீட்டில், தன் வாழைப்பழத்தைத் தின்றது போதாதென்று பக்கத்துக் குழந்தையின் தயிரையும் பிடுங்கித் தின்றுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் எல்லாவற்றையும் கார் சீட்டிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

ஹெய்டிக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் கணவன் டெரிக் இரும்புத்தாதுக் கப்பல்களில் சரக்கேற்றும் துறையில் இருக்கிறான். ஏரி உறைந்தால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் வசந்தம்வரை வேலையும் இல்லை. அந்த மாதங்களில் அவன் ஊரார் வீட்டுக் கூரைகளில் ஏறிப் பனி தள்ளுவான்.

ஆனாலும் இதை அழுமூஞ்சிக் கதையாக்க எனக்கு இஷ்டமில்லை. ஹெய்டி கெட்டிக்காரி. துளை போட்ட துணிக்கூடையைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, அதற்குள் ஜூனியை உட்காரவைத்துக் குளிப்பாட்டுவாள். பொம்மையும் ஓடாது, பிள்ளையும் வழுக்காது. பொம்மை என்பது காலித் தயிர் டப்பாவும் ஓட்டைக் கரண்டியும். நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி டயபர் காயும். கடையில் விற்கும் குழந்தை உணவுப் புட்டிகளை அவள் வாங்கியதே இல்லை. தாங்கள் தின்பதையே மசித்துப் பனிக்கட்டித் தட்டில் உறையவைத்துவிடுவாள். தன் சாமர்த்தியத்தில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே!

மீதி எல்லாம் கோரினுடைய டப்பாக்களிலிருந்து வந்தவை. கோரின், டெரிக்கின் அக்கா.* இரண்டு பையன்களை வளர்த்தவள். அவர்களுக்குச் சிறிதாகிப்போன எல்லாவற்றையும் துவைத்து, மடித்து, வயது வாரியாகப் பெரிய பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கி, மூடியில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பாள். ஜூனி வளர வளர டப்பா வந்துவிடும். பனிக்கால உடை, பூட்ஸ், கட்டில். கார் சீட்டும் அப்படி வந்ததுதான்.

(* தமிழில் எழுதும்போது கோரினை 'அண்ணி' என்று ஹெய்டி கூப்பிடவேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. அவள் கூப்பிடமாட்டாள். இங்கே நாத்தனாரும் பெயர்தான், நீ வா போதான். அதனால் மரியாதை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பயம் நம்மூர் அளவுக்கு இருக்கிறது.)

4

உறையைக் கழற்றியபோது சீட்டின் பக்கவாட்டில், காரின் பெல்ட் நுழைந்து வரும் இடத்தில், ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பிளாஸ்டிக்கை வளைத்தால் வெளுக்குமே, அது மாதிரி. விரிசலாக இருக்கலாம். வெறும் கீறலாகவும் இருக்கலாம். நகத்துக்குப் பிடிபடவில்லை.

போன குளிர்காலத்தில் கோரினின் வேன் பனியில் சறுக்கி எதிலோ முட்டியது ஹெய்டிக்கு நினைவு வந்தது. யாருக்கும் அடி இல்லை. பம்பர் மாற்றினார்கள். இந்தச் சீட் அப்போது அந்த வேனில் இருந்ததா?

விபத்தில் சிக்கிய சீட்டை மறுபடி நம்பக்கூடாது. வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே உடைந்திருக்கும், அடுத்த மோதலில் காப்பாற்றாது. அதனால்தான் இங்கே அப்படிப்பட்ட சீட்டின் பட்டைகளை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுவார்கள், தெரியாமல் எவரும் எடுத்துப் போய்விடக்கூடாது என்று. இது ஹெய்டிக்குத் தெரியும். கோரினுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்திருக்கும்தானே?

அன்றைக்கு டெரிக்கிடம் சொன்னாள்.

"எங்கக்கா தெரிஞ்சே குடுப்பாளா?"

"தெரிஞ்சு குடுத்தான்னு நான் சொல்லவேயில்லையே."

"அப்ப அவளையே கேட்டுடு."

"உன் அக்கா. நீ கேளு."

"எங்க வீட்டுல யாரும் யாரையும் எதையும் கேட்டதில்ல, ஹெய்டி. எங்கப்பாவுக்கு ஆபரேஷன் நடந்ததே எங்களுக்கு அப்புறந்தான் தெரியும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

5

இந்த இடத்தில் நீங்கள் குறுக்கே வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். 'ஒரு புதுச் சீட்டை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே?'

வாங்குவாள். வரிப் பணம் திரும்பி வரும் வசந்தத்தில். கார் டயர், டெரிக்கின் பல், ஜூனியின் செருப்பு எல்லாமே அந்தப் பணத்துக்காக வரிசையில் நிற்கின்றன. சீட்டை வரிசையின் முன்னால் தள்ளலாம். கடன் அட்டையில் தேய்த்து நாளைக்கே வாங்கலாம். ஹெய்டி அதையும் யோசித்துவிட்டாள். ஆனால் வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை கோரின் வீட்டில் சாப்பாடு. புதுச் சீட்டைக் கோரின் பார்ப்பாள். 'நான் குடுத்தது எங்கே?' என்று கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பாள். அந்தக் கேட்காமையைத் தாங்க முடியாது.

எனக்கும் உங்களைப் போலவே எரிச்சல்தான். குழந்தையின் உயிரைவிட முகத்தாட்சணியம் பெரிதா? இல்லை என்று ஹெய்டியும் சொல்வாள். சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை காலை ஜூனியை அதே சீட்டில் உட்காரவைத்து டெப்ரா வீட்டுக்கு ஓட்டுவாள், மெதுவாக, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கும் அளவுக்கு மெதுவாக. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து மறு கையைப் பின்னால் நீட்டி ஜூனியின் காலைத் தொட்டுக்கொண்டே போவாள். அந்தக் கையை எழுதும்போதே எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சலும் போய்விட்டது.

6

கோரினைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவளை ஒரு கர்வக்காரியாக எழுதியிருந்தேன்: கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிறவள், உதட்டைச் சுழிக்கிறவள். [பக்கம் முழுவதையும் கிழித்துவிட்டேன்.] அப்படி ஒருத்தியாக இருந்தால் ஹெய்டிக்கு என்ன கஷ்டம்? பட்டென்று கேட்டுவிடலாமே. கோரின் நல்லவளாக இருப்பதுதான் சிக்கல். ஜூனி பிறந்த வாரம் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் கழுவி, ஹெய்டியைத் தூங்கவிட்டுப் போனவள் அவள்.

7

ஞாயிறு மதியம். உருளைக்கிழங்கு மேலடுக்கிச் சுட்ட இறைச்சிப் பாத்திரம் காலியாகிக்கொண்டிருந்தது. கோரினின் சின்னவன் வெஸ்லி, மேசைக்கடியில் ஜூனியோடு நாயாக இருந்தான்.

"வேன் இப்ப எப்படி ஓடுது, கோரின்?" என்றாள் ஹெய்டி.

"ஓடுதே. ஏன், உனக்கு வேணுமா? அதையும் ஒரு டப்பால போட்டு அனுப்பவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெய்டியும் சிரித்தாள்.

"இல்ல, போன வருஷம் முட்டுச்சே…"

"அந்தப் பம்பருக்கு அவன் கேட்ட காசைச் சொன்னா, ஜூனி மாதிரி நீயும் கக்கிடுவே. இன்னுங் கொஞ்சம் போட்டுக்க."

போட்டுக்கொண்டாள்.

டெரிக் இரண்டு முழங்காலையும் தட்டி, "சரி, அப்போ" என்று எழுந்தான். அந்த வீட்டில் அதற்கு, இன்னும் முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம் என்று பொருள். முதலில் மேசையருகே நின்றபடி பேச்சு. பிறகு கதவருகே கோட்டு மாட்டியபடி. பிறகு வாசலில். கடைசியாகக் கார் ஜன்னலில். சொல்லவேண்டியதை எல்லாம் இந்தக் குடும்பத்தார் கார் ஜன்னலில்தான் சொல்வார்கள். டெரிக்கின் அப்பாவின் ஆபரேஷன் விஷயமும் அப்படித்தான் வெளிவந்தது.

கதவருகே ஹெய்டி ஒரு முறை வாயெடுத்தாள். "கோரின், அன்னிக்குப் பசங்க வண்டில…"

"ஜூனியோட இன்னொரு பூட்ஸ் எங்கே?" என்றான் டெரிக். எல்லோரும் குனிந்து தேடினார்கள். வெஸ்லி வாயில் கவ்விக்கொண்டு வந்தான், நாயல்லவா? கேள்வி காணாமல் போனது.

காருக்கு வந்தார்கள். கோரின் வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்து, பின்கதவைத் திறந்து, ஜூனியைத் தானே கட்டினாள். "பஞ்சுக் கோட்டைக் கழட்டிடு. கோட்டோட கட்டுனா பட்டை தளர்ந்துடும். மேல போர்வையப் போடு." கட்டிவிட்டு, பட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்து, இன்னும் ஒரு இழுப்பு இழுத்தாள்.

இவ்வளவு கவனமான ஒருத்தி அடிபட்ட சீட்டைக் கொடுக்கமாட்டாள் என்று ஹெய்டிக்கு நெஞ்சு லேசானது. அடுத்த நொடியே, இவ்வளவு கவனமான ஒருத்தியிடம் இதை எப்படிக் கேட்பது என்று மறுபடி கனத்தது.

ஹெய்டி காரைக் கிளப்பினாள். பக்கத்தில் டெரிக் கைப்பேசியில் வானிலை பார்த்தான், வானிலை கண்ணெதிரே கொட்டிக்கொண்டிருந்தும். கோரின் முன்பக்கம் வந்தாள். ஹெய்டி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். மீந்த சாப்பாட்டை ஒரு டப்பாவில் நீட்டினாள் கோரின். வாங்கி டெரிக்கின் மடியில் வைத்துவிட்டு ஹெய்டி

8

நிறுத்திவிட்டேன். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. கேட்கிறாள். "அந்தச் சீட் அன்னிக்கு வேன்ல இல்ல," என்கிறாள் கோரின். "வெஸ்லி அது மேல ஏறிக் குதிச்சான், அந்தக் கோடு அதுதான். என்னை என்னன்னு நினைச்சே நீ?" டப்பாக்கள் அதற்குப் பிறகும் வருகின்றன. ஆனால் வாசலில் இருக்கின்றன. கோரின் மணியடித்து உள்ளே வருவதில்லை.

இரண்டு. கேட்கிறாள். "இருந்துச்சு," என்கிறாள் கோரின். "லேசாத்தான முட்டுச்சு, போலீஸ்கூட வரல, அதெல்லாம் ஒரு விபத்துன்னே…" பேச்சு நின்றுவிடுகிறது. ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நாயாகத் தவழும் வெஸ்லியைப் பார்க்கிறாள். "அதுக்கப்புறமும் அவனை அதுலதான வச்சு…" இந்த வாக்கியத்தை அவளாலும் முடிக்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

மூன்று. கேட்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. வசந்தம் வருகிறது, புதுச் சீட் வருகிறது. பழையதை நிலவறையில் வைத்துவிட்டு, அதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறார்கள். ஜூனி வளர்கிறாள். பெரும்பாலும் நடப்பது இதுதான். எனக்கு மிகவும் பயமாக இருப்பதும் இதுதான். ஏனென்றால் டெரிக்கோடு வேலை பார்ப்பவனின் மனைவிக்கு ஆவணியில் பிரசவம். 'உங்ககிட்ட பழைய சீட் ஏதாவது இருக்கா?' என்று அவள் கேட்பாள்.

(ஆகஸ்ட் என்று எழுதியிருக்கலாம். பழக்கம் விடவில்லை.)

9

எந்த முடிவையும் எழுதப்போவதில்லை. மூன்றையும் பல நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நேற்று, ஏழாம் பகுதியை மறுபடி படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். கோரின் உள்ளே போனதாக நான் எழுதவே இல்லை.

சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தாயிற்று. கட்டவேண்டியதைக் கட்டியாயிற்று. கால் உறைந்துகொண்டிருக்கிறது. வழக்கப்படி கார்க் கூரையை இரண்டு தட்டுத் தட்டி 'பாத்துப் போங்க' என்று சொல்லிவிட்டு அவள் ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. ஒரு கையைக் கூரைமேல் வைத்து, தட்டாமல், பின் இருக்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதை நான் திட்டமிடவில்லை. ஹெய்டியின் தவிப்பையே எழுதிக்கொண்டிருந்ததில் கோரின் ஏன் நிற்கிறாள் என்று யோசிக்கவில்லை. அவளும் இந்தக் குடும்பத்துக்காரிதானே? அவளுக்கும் கார் ஜன்னல்தானே இடம்?

ஆகவே, முதலில் யார் வாய் திறக்கவேண்டும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஹெய்டியாக இருக்கட்டும், கோரினாக இருக்கட்டும், வானிலையை விட்டுத் தலைநிமிர்ந்து டெரிக்காகவே இருக்கட்டும். மொழியழகு வேண்டாம். அரைகுறையாகக் கேட்டாலும் போதும். மூவரில் ஒருவர் வாய் திறக்கும்வரை காரை மட்டும் நகரவிடாதீர்கள். பின்னால் ஜூனி இருக்கிறாள்.