மூன்றாவது வரிசைச் சிரிப்பு

பேட்டி நிகழ்ச்சிகளில் பிரபலம் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே கூட்டத்திலிருந்து ஒரு முகம் சிரிக்கும், இன்னொரு முகம் கண்ணைத் துடைக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த முகங்களைப் பொறுக்கி ஒட்டுகிறவன் நான்தான். பதினொரு வருஷமாக எடிட்டிங் அறையில் இதே பிழைப்பு. ஒரு நடிகை தன் முதல் படம் ஊத்திக்கொண்ட சோகத்தைச் சொன்னபோது கைக்குட்டையை எடுத்த பெரியவருக்கு உண்மையில் சளி. பாடகர் ஒருவரின் சாதனையைக் கேட்டு வாயைப் பிளந்த பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் வெட்டினேன், கொட்டாவி ஆச்சரியமாகிவிட்டது. இதற்காக நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

நான்காவது கேமரா பார்வையாளர்களுக்கென்றே வைத்தது. அதில் பதிவாகிற சத்தத்தை நாங்கள் கேட்பதே இல்லை. முதல் வேலையாக அணைத்துவிடுவோம். சிரிப்பும் கைதட்டலும் தனியாகச் சேர்த்து வைத்தது எங்களிடம் ஏராளம். தேவைப்பட்ட இடத்தில் எடுத்துப் போட்டுக்கொள்வோம்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரவு நன்றாகப் படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்று சொன்னார்கள். அதிலிருந்து அக்கா மருந்துக்கடை வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். பன்னிரண்டு வயது மகள், எங்கள் எல்லோருக்கும் அவள் வாலு, அவளிடம் மட்டும் நாலு வார்த்தை பேசுவாள். சாப்பாடு பெயருக்குத்தான். ஆள் பாதியாகிவிட்டாள். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசே ஆறாது.

அப்போதுதான் ஒரு நகைச்சுவை நடிகர் எங்கள் நிகழ்ச்சிக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. அரங்கில் நாற்காலி காலியாக இருந்தால் ஊழியர்களின் வீட்டு ஆட்களை உட்கார வைப்பது எங்கள் வழக்கம். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு வரட்டுமே என்று அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். வாலு பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

நடிகர் அன்று கணவன்மார்களின் குறட்டையை நடித்துக் காட்டினார். பழைய லாரி கிளம்புவது போல ஒன்று, தண்ணீர் கொதிப்பது போல ஒன்று. கடைசியில் தூக்கம் கெட்ட மனைவி கணவனை முழங்கையால் ஒரு இடி இடிக்கிறாள், சட்டென்று அமைதி. அந்த அமைதிக்கு அரங்கமே அதிர்ந்ததாம். நான் உள்ளே என் அறையில் இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நான்காவது கேமராவைப் போட்டுப் பார்க்கிறேன், அக்கா சிரிக்கிறாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் காட்சித் துண்டை மூன்று இடத்தில் போட்டேன். கை முகத்தை விட்டு இறங்குவதற்குள் வெட்டி நடிகரின் முகத்துக்குப் போனேன், அப்போதுதான் வேகம் குறையாது. மேலே எங்கள் பெரிய சிரிப்பு ஒன்றைப் போர்த்திவிட்டேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாளே ஜனங்கள் நடிகரை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். யார் இந்த மூன்றாவது வரிசை அக்கா, இவங்க சிரிப்புக்கே டிக்கெட் வாங்கலாம், எங்க வீட்டுல மூணு தடவை ரிவைண்ட் பண்ணிப் பார்த்தோம் என்று இணையத்தில் வீடியோவுக்குக் கீழே எழுதிக் குவித்தார்கள். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஊரெல்லாம் அனுப்பினார்கள். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்கள்கூட ஒரு தடவை சிரிச்சுக் காட்டுங்கக்கா என்று கேட்டார்களாம். நான் பெருமையில் மிதந்தேன், இல்லையென்று சொன்னால் பொய்.

அக்காவின் மாமியாரும் அதைப் பார்த்தார். போனில் கரித்துக் கொட்டியிருக்கிறார், என் பிள்ளை போய் ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் ஊருக்கே பல்லைக் காட்டுகிறாயா என்று. அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வயதானவர், வயிற்றெரிச்சலில் சொல்கிறார், போகட்டும் விடு என்று அக்காவுக்கு நான் புத்தி சொன்னேன்.

அடுத்து எங்கள் தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். சனிக்கிழமை நடிகர் மறுபடி வருகிறார், அக்காவை மேடையில் அவர் பக்கத்திலேயே உட்கார வைக்கலாம், அவரே நேரில் அந்தக் குறட்டையை விட்டுக் காட்டட்டும் என்றார். திரையில் ஓடவிட நல்ல கருத்தாக இருபது பொறுக்கித் தரச் சொன்னார். மதியம் உட்கார்ந்து ஒன்றொன்றாகப் படித்தேன். ஐந்நூறு, அறுநூறு தாண்டியிருக்கும். பெயரும் படமும் இல்லாத யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: ‘அந்தம்மா சிரிக்கல. அழறாங்க. தெரிஞ்சவங்க யாராவது போய்ப் பாருங்க.’

கீழே நாலு பேர் அந்த ஆளைக் கிண்டலடித்திருந்தார்கள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. என் அக்காவைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. நான்காவது கேமராவின் பதிவை எடுத்து, முதல் தடவையாக அதன் சத்தத்தைத் திறந்தேன்.

அரங்கம் சிரித்து ஓய்கிறது. அதற்கு அப்புறம், நான் வெட்டிப் போட்ட இடத்துக்கு அப்புறம், தொண்டையில் அடைத்துக்கொண்ட ஒரு சத்தம் கேட்கிறது. பக்கத்து நாற்காலிப் பெண், என்னம்மா, என்னாச்சு என்கிறாள். கை இறங்குகிறது. அக்காவின் முகம் முழுக்க நனைந்திருக்கிறது. உப்பு போடாமலே பரிமாறிவிட்டுப் பாராட்டுக்குக் காத்து நின்றவன் போல நான் ஒரு வாரமாகத் திரிந்திருக்கிறேன். அந்த அறையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். வாலு உள்ளறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அன்னைக்கு ராத்திரி அவர இடிச்சது நான்தான்டா,” என்றாள். “ஒரே குறட்டை. மறுநாள் கடையில ஸ்டாக் எடுக்கணும், தூங்க விடுங்கன்னு திட்டி இடிச்சேன். சத்தம் நின்னுச்சு. அப்பாடான்னு திரும்பிப் படுத்துத் தூங்கிட்டேன். காலையிலதான் தொட்டுப் பார்த்தேன்.”

இதை எட்டு மாதமாக ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். நீ இடித்ததால் ஒன்றும் ஆகவில்லை, டாக்டரே சொன்னாரே என்று ஏதேதோ உளறினேன். அந்தத் துண்டை எடுத்துவிடுகிறேன், நடந்ததை நானே எழுதிப் போடுகிறேன், இப்போதே உன் மாமியாருக்குப் போன் செய்கிறேன் என்று போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம்டா. அவங்க என்னை என்ன வேணா நினைச்சுக்கட்டும். அப்பா போனதுலேருந்து வாலு இந்த வீட்ல சிரிச்சதே இல்ல. இப்ப அதைப் போட்டுப் போட்டுப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறா. எங்கம்மா எங்கம்மான்னு ஸ்கூல் பூரா காட்டியிருக்கா. நான் சிரிச்சதாவே இருக்கட்டும்.”

சனிக்கிழமை விஷயத்தைத் தயாரிப்பாளர் அவளுக்குப் போனில் சொல்லியிருந்தாராம். அதற்கும் வருகிறேன் என்றாள். வாலுவுக்கு முன் வரிசையில் இடம் போட்டுக் கொடு, ஆசைப்படுவாள் என்றாள். மறுபடி அந்தக் குறட்டையைக் கேட்க வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். தெரியும் என்றாள்.

கிளம்பும்போது வாலு என் கூடவே படியிறங்கி வந்தாள். வாசல் கதவைச் சாத்தத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சாத்தாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா அதுல அழறாங்கன்னு கண்டுபிடிச்சிட்டீங்களா மாமா?” என்றாள்.

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

“யாரும் சொல்லல. சிரிச்சா அம்மா முகத்த மூடவே மாட்டாங்க.”

நாற்பது வருஷமாக அவளுக்குத் தம்பி நான். அது எனக்குத் தோன்றவே இல்லை. அப்புறம் ஏன் அதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறாய் என்று கேட்டேன்.

“நான் சிரிச்சாத்தான் அம்மா சாப்பிடுறாங்க. முதல் நாள் சும்மா சிரிச்சுப் பார்த்தேன், அன்னைக்கு அம்மா ரெண்டாவது தடவயும் சோறு போட்டுக்கிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “சனிக்கிழமை நான் எந்த இடத்துல சிரிக்கணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுறீங்களா? தப்பான இடத்துல சிரிச்சுட்டா அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க.”

அரங்கில் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறோம். அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவென்றும் பாராமல் அழுதேன். வாலு மேலே ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மெதுவா மாமா,” என்றாள். “அம்மாவுக்குக் கேட்டுடும்.”