பாடப்புத்தகத்து அம்மா

"இது வேணாம்" என்று அண்ணன் போனைத் திருப்பி நீட்டினான்.

இளையவள் வாங்கிக்கொள்ளவில்லை. "ஏன், இதுக்கு என்ன?"

"நல்லாப் பாரு. அம்மா மாதிரியா இருக்கு?"

அம்மா மாதிரிதான் இருந்தது. அம்மா வேலை பார்த்த மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் போன வருடம் இளையவளே எடுத்த படம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையில் செம்புக் கம்பியோடு, வாயைப் பெரிதாகத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள் அம்மா. முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பது தெரிகிறது. கம்பியைப் பல்லால் இழுக்காதே என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்காமல் வாங்கிக்கொண்ட பரிசு அது. அந்தப் பல்லுக்காகவே கேமராவைக் கண்டால் கையால் முகத்தை மறைத்துக்கொள்வாள். வீட்டில் இருந்த மற்ற படங்களில் எல்லாம் அம்மா என்பது வெறும் உள்ளங்கைதான்.

இப்போது கூடத்தில், பெட்டிக்குள், வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். அந்த மூடிய வாயைத்தான் இளையவளால் பார்க்க முடியவில்லை.

"தலைமாட்டுல வைக்கிற படம். நாலு பேரு வந்து பாப்பாங்க" என்றான் அண்ணன். "இப்படிக் கத்திக்கிட்டு இருந்தா என்ன நினைப்பாங்க?"

"அம்மா கத்துவாங்கன்னு நினைப்பாங்க."

"உன்கிட்ட பேச முடியாது. அப்பா வரையட்டும்."

அப்பாவுக்கு வரைவதுதான் பிழைப்பு. பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுகிறவர். கொண்டை போட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பல் தெரியாமல் புன்னகைத்தபடி, கரண்டியோடு அடுப்பின் முன் நிற்கும் அம்மா அவருடைய கைவண்ணம். அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் செய்தித்தாளை விரித்திருக்கும் அப்பாவும் அப்படித்தான். பாடத்திட்டம் எத்தனையோ தடவை மாறியது. அந்த அம்மா மட்டும் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வீட்டில் கரண்டி பிடித்தவர் அப்பா. அம்மா காலையிலேயே பட்டறைக்குப் போய்விடுவாள். அப்பா சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கரண்டி பிடித்த தன் கையையே பார்த்து அந்த அம்மாவின் கையை வரைவார். விரலை மெலிதாக்கி ஒரு வளையலைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. "நம்ம வீட்டுல நீங்கதானேப்பா சமைக்கிறீங்க?" என்று இளையவள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். "அப்படி வரைஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா" என்றார் அப்பா. அம்மாவுக்கு இது ஒரு கேலி. வேலை முடிந்து வந்ததும் மேஜையை எட்டிப் பார்த்து, "உங்க ரெண்டாம் தாரம் இன்னைக்கு என்ன சமைக்கிறா?" என்பாள்.

அப்பாவின் அக்கா வரும் நாட்களில் மட்டும் அம்மா அடுப்பங்கரையில் நிற்பாள். என்ன செய்வதென்று தெரியாமல் கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். அத்தை கிளம்பியதும் வயிறு வலிக்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இளையவளுக்கு இப்போது வேண்டியிருந்தது.

அப்பாவின் அறையில் மூன்று தாள்கள் கசங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். கொண்டை, சாய்ந்த தலை, புன்னகை. அடுத்ததிலும் அவளே.

"வரமாட்டேங்குதும்மா" என்றார் அப்பா. "கை பழகிடுச்சு. உங்கம்மாவைத்தான் நினைச்சுக்கிட்டு உக்கார்றேன். வர்றது அவ."

அவள் போனை எடுத்து எதிரில் வைத்தாள். "இதைப் பாத்துப் போடுங்கப்பா."

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை வரைந்தார், அது அம்மாவின் கண்தான். இளையவள் ஆவலோடு குனிந்தாள். ஆனால் வாய்க்கு வந்ததும் பென்சில் தானாகவே அதை மூடிவிட்டது. அவர் தாளைத் தள்ளிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "கூடவே இருந்தவ மொகத்தைத் தொலைச்சிட்டேனே."

பிறகு தலையைத் தூக்கினார். "நீ கொஞ்சம் நில்லேன். உனக்கு அவ ஜாடை."

நின்றாள்.

"தலையைச் சாய்ச்சுக்கோ. இன்னும் கொஞ்சம். லேசா சிரிம்மா. பல்லு தெரியாம."

அம்மா ஒரு நாளும் இப்படி நின்றதில்லைப்பா என்று சொல்ல வந்தாள். பல் தெரியாமல் சிரிக்கிறவளால் எதையும் சொல்ல முடியாது. அப்பாவின் கண்ணீர் தாளில் விழுந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டு வரைந்தார். அவள் அசையாமல் நின்றாள்.

படத்துக்குச் சட்டம் போட்டு அண்ணன் தலைமாட்டில் வைத்தான். வந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள்.

"அப்படியே அவதான்!" என்று அத்தை மார்பில் கைவைத்து அழுதாள். "மகாலட்சுமி மாதிரி நிக்கிறா பாரு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாளா? இனிமே என் தம்பிக்கு யாரு ஆக்கிப் போடுவா?"

இளையவள் வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்தார். அதட்டல் இல்லை, வேண்டுதல். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசியாக, பட்டறையில் அம்மாவோடு காயில் சுற்றிய பெரியவர் வந்தார். நகக்கண்ணில் வார்னிஷ் கறை. படத்தின் முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு இளையவள் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"இது யாரும்மா?"

"அம்மாதாங்க."

"ஓ." மறுபடி பார்த்தார். "எங்களை ஒரு நாளும் இப்படிப் பாத்ததில்லையேம்மா."

போனில் இருக்கும் படத்தை அவருக்குக் காட்ட நினைத்து எடுத்தாள். அதற்குள் அண்ணன் பெட்டியைத் தூக்க ஆட்களைக் கூப்பிட்டுவிட்டான். நால்வரில் ஒருவராகப் பெரியவரும் போய்த் தோள் கொடுத்தார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாயந்தரம் அடக்கம் முடிந்து வந்தபோது கூடத்தில் அத்தையும் அவள் வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. படம் மட்டும் ஸ்டூல் மேல் இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன செய்தித்தாளைக் கையில் வைத்திருந்தார். படிக்கவில்லை.

"எல்லாருக்கும் ஒரு வாய் டீ போடக் கூடாதா?" என்றாள் அத்தை, இளையவளைப் பார்த்து. "துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவளா இருந்தா என்ன, பொண்ணுதானே."

அண்ணனும் அவளைத்தான் பார்த்தான். அடுப்பங்கரைக்குப் போனாள். தண்ணீர் வைத்தாள். தேயிலை அகப்பட்டது. வாசலுக்கு வந்து கேட்டாள்.

"அப்பா, சர்க்கரை எங்க இருக்கு?"

அப்பா நிமிர்ந்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். "அதெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும்."

"பாவம், அவன் என்ன கண்டான்" என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள்.

உள்ளே வந்தாள். மேல் தட்டில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, பாடப்புத்தகத் தலைப்பைப் போல அழகாக எழுதியிருந்தார் அப்பா. உப்பு. மிளகு. சர்க்கரை.

டப்பாவை எடுத்தாள். ஸ்பூனைப் போட்டவள் அப்படியே நின்றாள். அப்பாவுக்கு எவ்வளவு இனிப்பு வேண்டும் என்று தெரியவில்லை. இதுவரை அவள் அவருக்கு டீ போட்டதே இல்லை.