மூன்று நாள் காய்ச்சல்

வசந்தமாலா மேல் இந்திராணிக்கு இருந்த ஒரே குறை, தன்னுடைய காய்ச்சலை அவள் எடுத்துக்கொண்டாள் என்பதுதான். காதுத் தோட்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால்கூட, போனால் போகிறது என்று இந்திராணி விட்டிருப்பாள். காய்ச்சலை எப்படி விடுவது? என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மனுஷிக்கு வாழ்க்கையில் நாலு சங்கதி தேறினால், அதில் ஒன்று அது.

வசந்தமாலா என்றால் சாதாரண ஆளில்லை. எண்பதுகளில் மற்ற கதாநாயகிகள் எல்லாம் யாரோ பாடிய பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தபோது, தன் பாட்டைத் தானே பாடி நடித்தவள். நாற்பத்திரண்டு படம். அவள் பாட்டுப் போடாத கல்யாண வீடு கும்மிடிப்பூண்டியிலிருந்து கன்னியாகுமரி வரை கிடையாது என்பார்கள். இப்போது அறுபதைத் தாண்டிய பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டிவி பாட்டுப் போட்டியில் பட்டுப்புடவையோடு நடுவராக உட்கார்ந்து, நன்றாகப் பாடும் பிள்ளைகளுக்காக ஒரு கண்ணிலும் பாடத் தெரியாத பிள்ளைகளுக்காக இன்னொரு கண்ணிலும் தண்ணீர் விடுகிறாள்.

ஆனால் பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவள் பெயர் கன்னியம்மா. இந்திராணிக்குப் பக்கத்துக் குடிசை. பதினைந்து வயதில் அம்மன் திருவிழாவில் அவள் பாடியதைக் கேட்டு, பொன்னேரி மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் அவளுடைய அப்பாவிடம் பேசி அழைத்துப் போனார். பொன்னேரியிலிருந்து மீஞ்சூர், மீஞ்சூரிலிருந்து ரயிலேறிச் சென்னை, அங்கே ஒலிப்பதிவுக்கூடத்தில் கோரஸ், கோரஸில் நின்ற முகத்தைப் பார்த்த ஓர் இயக்குநர். பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான்.

வந்ததிலேயே அதிகம் வந்தது அவள் இறால் பிடித்த கதை. எந்தப் பேட்டியானாலும் சுற்றி வளைத்து ஏரிக்கு வந்துவிடுவாள். பனையோலைப் பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மண்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்த ஏழைப் பெண் நான் என்பாள். முதல் பேட்டியில் கால் கிலோ பிடித்தாள். தேசிய விருது வாங்கியபோது ஒரு கிலோ ஆயிற்று. டிவிக்கு வந்த பிறகு தினம் மூன்று கிலோவுக்குக் குறைந்து அவள் கரையேறியதே இல்லை.

உண்மை என்னவென்றால், கன்னியம்மா ஓர் இறால்கூடப் பிடித்ததில்லை. சேற்றில் கை வைக்க அவளுக்குப் பயம். உள்ளே ஏதோ நெளிகிறது என்று அலறுவாள். இரண்டு பறிக்கும் சேர்த்து இந்திராணிதான் துழாவுவாள். வாயில் கயிறு இல்லாதவள் சும்மா நிற்பானேன் என்று கன்னியம்மா பக்கத்தில் நின்று பாடுவாள். சாயங்காலம் நிறைந்த பறியைப் பார்த்து அவளுடைய அம்மா என் மகள் கெட்டிக்காரி என்பாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். இந்திராணி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பாட்டு கிடைத்தது, பொழுது போயிற்று.

காய்ச்சல் அப்படியில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு தீபாவளி நிகழ்ச்சியில் வசந்தமாலா அதை எடுத்துவிட்டாள். பன்னிரண்டு வயதில் கெளுத்தி மீன் முள் உள்ளங்கையில் ஏறி மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன், பிழைப்பேனா என்பதே சந்தேகமாக இருந்தது, எழுந்தபோது எனக்குள் பாட்டு பிறந்திருந்தது என்றாள். கேள்வி கேட்ட பெண் கைக்குட்டையைத் தேடினாள். இங்கே சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த இந்திராணி தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலுக்குக் கீழே வடு அப்படியே இருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து புருஷன் வேணுவிடம் காட்டினாள். முள் ஒருத்தி கையில், பேர் ஒருத்திக்கு, சினிமாவில் அதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிட்டு அவர் மீன் துண்டை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை அவரிடம் எடுப்பதில்லை. மனசில் மட்டும் அது உறுத்திக்கொண்டே கிடந்தது.

அப்படியிருக்க, போன தை மாதம் மூன்று வேன்களும் ஒரு காரும் ஊருக்குள் வந்து நின்றன. வசந்தமாலா பாட வந்து நாற்பத்தைந்து ஆண்டு நிறைவதையொட்டி அவள் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறார்களாம். அவள் ஏரியில் இறங்கி இறால் பிடிப்பதைக் காட்ட வேண்டுமாம். ஓர் இறாலுக்கு மூன்று வேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இயக்குநர் பானுப்ரியா என்கிற முப்பது வயதுப் பெண். தொப்பியும் கால்சட்டையுமாக வீடு தேடி வந்து, பால்ய சிநேகிதி நீங்களும் கூட இறங்கினால் நன்றாக இருக்கும் என்று இந்திராணியிடம் மரியாதையாகக் கேட்டாள்.

இந்திராணி உடனே ஒப்புக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகும்போதே முடிவு செய்துவிட்டாள். இன்று கேமரா முன்னால் கையை விரித்துக் காட்டி, அந்தக் காய்ச்சல் யாருடையது என்று ஊருக்குச் சொல்லிவிடுவது. வேணுவிடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. கேள், ஆனால் வயசானவள், மெதுவாகக் கேள் என்றார்.

கரையில் வசந்தமாலா இவளைப் பார்த்ததும் கையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்துப் போனாள். டிவியில் பேசும் தமிழ் எங்கோ போய்விட்டிருந்தது.

"இந்திரா, நான் நல்லா மாட்டிகினேன். எனக்கு இன்னும் பயமாத்தான் கீது. அப்போ மாதிரி பக்கத்துல இரேன்."

கேட்டதும் இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பறியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

வசந்தமாலா வாழ்க்கையில் முதல் முறையாகப் பறிக் கயிற்றைப் பல்லில் கடித்தாள். நாற்பத்திரண்டு படத்தில் அத்தனை நல்ல நடிப்பை அவள் கொடுத்திருப்பாளா என்பது சந்தேகம். இரண்டு பேரும் தோளோடு தோள் உரச மண்டி போட்டு நகர்ந்தார்கள். இந்திராணியின் விரல்களுக்கு அறுபது வயதாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சேற்றில் இறால் துள்ளிய இடத்தை அவை தாமாகவே கண்டுபிடித்தன. பிடித்ததைத் தண்ணீருக்கடியிலேயே பக்கத்துக் கைக்கு மாற்றினாள். வசந்தமாலா கையைத் தூக்கினாள். வெயிலில் இறால் துடித்தது. கரையில் கைதட்டினார்கள்.

பானுப்ரியாவுக்கு ஆசை அடங்கவில்லை. தண்ணீருக்குள் படம் பிடிக்கும் கேமரா ஒன்றை இறக்கச் சொன்னாள். அரைமணி நேரம் எடுத்ததில் கலங்கல் சேறு மட்டும் வெகு தெளிவாக விழுந்திருந்தது. அதற்குள் ஏழெட்டு இறால் கை மாறிவிட்டது. சரி, மேடம் அந்தக் கெளுத்தி முள் கதையை இங்கேயே நின்று சொல்லட்டும் என்றாள் பானுப்ரியா.

இதுதான் சமயம். இந்திராணி வாயிலிருந்து கயிற்றை எடுத்தாள். ஆனால் வசந்தமாலா முந்திக்கொண்டாள்.

"அது என் கதையே இல்லைம்மா. முள்ளு குத்துனது இவ கையில. ஜுரமும் இவளுதுதான். நான் ஒரு இறாலும் புடிச்சதில்ல, இப்போ தூக்கிக் காட்டுனது மொத்தமும் இவ குடுத்தது. இத்தினி நேரம் அடியில இவ கை என் கையில பட்டுகினே இருந்துச்சு. அந்த வடு தட்டுப்பட்டுச்சு. இனிமே என்னால சொல்ல முடியாது."

பானுப்ரியா கெட்டிக்காரி; கேமராவை நிறுத்தச் சொல்லாமல் இந்திராணி பக்கம் திருப்பச் சொன்னாள். அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் அம்மா என்றாள்.

இந்திராணிக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்து வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததுதானே. உள்ளங்கையை விரித்துக் காட்டி ஆரம்பித்தாள். ஆடி மாதம், காற்று அதிகம். இறால் என்று நினைத்து அமுக்கினாள், முள் ஏறிவிட்டது. கரைக்கு நடந்து வந்தாள். வானமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. கீழே உட்கார்ந்தாள்.

அப்புறம்?

அப்புறம் எழுந்து கஞ்சி குடித்தது ஞாபகம் இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டதும், கட்டிலோடு தூக்கிப் படகில் வைத்துப் பழவேற்காட்டு வைத்தியரிடம் கொண்டுபோனதும், ஜன்னியில் புளிச்சோறு கேட்டுப் பிதற்றியதும் அவளுக்குத் தெரியும். ஆனால் எல்லாம் டிவியில் கேட்டுத் தெரிந்தது. அவளுக்கு அந்த மூன்று நாளும் நினைவே இருந்ததில்லை. நினைவோடு பக்கத்தில் இருந்தவர்களில் இன்று மிச்சமிருப்பவள் ஒருத்திதான்.

இந்திராணி கேமராவை மறந்துவிட்டுக் கன்னியம்மாவைப் பார்த்தாள். அந்தத் தீபாவளிப் பேட்டியில் இன்னொன்றும் வந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார் என்று. இந்திராணியின் அப்பா யாரும் அழுது பார்க்காத மனிதர். ஆசையாய் மகள் தலையில் கை வைத்ததுகூட இல்லை. செத்து இருபத்தாறு வருஷமாகிறது. கதையிலேயே பெரிய பொய் அதுதான் என்று இவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"நைனா அழுதார்னு சொன்னியே," என்றாள். "உங்க நைனாவா, எங்க நைனாவா?"

"உங்க நைனாதான். வாசல்ல குந்திகினு, மூணு நாளும் அழுதாரு. உன் பேரச் சொல்லிச் சொல்லி அழுதாரு."

இந்திராணி கன்னியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொல்லி அழுதாரு? மொதல்லேருந்து சொல்லு."