இடது பக்கத்து இன்ஜின்

அம்சாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்று பதினோரு நாள் ஆகியிருந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே டாக்டர் சொல்லிவிட்டார். பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருங்கள் என்றார். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை. நாற்பத்தாறு வருஷமாக என்னை "யோவ்" என்று கூப்பிட்டவள், இன்னொரு தரம் கூப்பிட்டால் போதும். திட்டினாலும் சரி.

பேசு என்றால் நான் எதைப் பேசுவேன்? எனக்குத் தெரிந்தது லாரிதான். வார்டே கேட்கும்படி மூக்கு வண்டி காலத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்போதெல்லாம் இன்ஜின் முன்னால் தனியாக நீட்டிக்கொண்டு இருக்கும். சத்தமும் சூடும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். எழுபத்தெட்டில் எங்கள் முதலாளி சக்கரபாணி மூக்கில்லாத வண்டி வாங்கினார். மொட்டை மூஞ்சி என்போம். அதில் இன்ஜின் கேபினுக்குள்ளேயே வந்துவிட்டது. டிரைவருக்கு இடது பக்கம், ஒரு மூடி போட்டு. மிச்சமான மூன்றடியில் இன்னும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏறும். முதலாளிக்கு அந்த மூன்றடி தெரிந்தது. எனக்கு ரோடு முழுசாகத் தெரிந்தது.

திண்டிவனத்தில் வேறு யாருக்கும் அந்த வண்டி பிடிபடவில்லை. முன் சக்கரம் சீட்டுக்கடியில் இருக்கும். மூக்கு வண்டி ஓட்டின கை அவசரப்பட்டு முன்கூட்டியே திருப்பிவிடும், பின் சக்கரம் ஓரக் கல்லில் ஏறும். திருப்பத்தைத் தாண்டிவிட்டோமோ என்று தோன்றுகிற நேரத்தில்தான் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். மூன்றே நாளில் கற்றுக்கொண்டேன். அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை.

இருபத்தாறு வருஷம் ஓட்டினேன். இடது காலில் முடி கருகி, பிறகு முளைக்கவே இல்லை. இடது காது சுத்தமாகப் போனது. "டாக்டராண்ட காட்டுய்யா" என்று அம்சா தலைபாடாக அடித்துக்கொண்டாள். வண்டியை விட்ட பிறகுதான் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதற்கப்புறம் எது சொல்வதானாலும் என் வலது பக்கமாக வந்து நின்றுதான் சொல்லுவாள்.

ஆஸ்பத்திரியிலும் பத்து நாள் வலது காதை அவள் பக்கம் வைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். பதினோராம் நாள் காலையில் கட்டிலை ஜன்னலோரமாக மாற்றினார்கள். நல்ல காற்று. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு, வலது முழங்கையை ஜன்னலில் வைத்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்த மாதிரியே சுகமாக இருந்தது. அம்சா இப்போது எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மடையன்.

அன்றைக்கு அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொன்னேன். கல்யாணமான புதிது, விக்கிரவாண்டி வரைக்கும். "இன்ஜின் மூடி மேல ரெண்டு கோணிய மடிச்சிப் போட்டு உன்ன குந்த வெச்சேன். சூடு தாங்காம கால தூக்கித் தூக்கி வெச்சிக்கினே வந்தியே! பேஜாரு புடிச்ச வண்டின்னு திட்டினே இல்ல?"

வெளியே ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்தபடி சொல்லிச் சொல்லி நானே சிரித்தேன். சிரித்து முடித்துத் திரும்பினால் அவள் கண் என் மேலேயே இருந்தது. அசையவில்லை. நர்ஸ் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, போர்வையை முகம் மூடும்படி இழுத்துவிட்டாள்.

எதிர்க்கட்டிலில் தன் மகனுக்குத் துணையாக இருந்த குப்பம்மாள் ஓடிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழாதீங்க முருகையண்ணே. கடைசியா உங்களாண்ட பேசிட்டுத்தான் போச்சி, மவராசி."

"பேசுச்சா?"

"ஆமாங்க. உங்க பக்கம் திரும்பி, மூணு தரம் சொல்லிச்சே. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "என்னா சொல்லிச்சி? ஒரு வார்த்தையாவது உன் காதுல வுழுந்துச்சா? சொல்லும்மா."

குப்பம்மாள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எனக்கு எப்பிடிங்க கேக்கும்? நீங்கதான் வண்டிக் கதைய நிறுத்தவே இல்லியே."