கழற்றிய தெர்மோஸ்டாட்டும் நூர்தீன் என்கிற ஆளும்

1

சிங்கப்பூர் தேக்காவில் கூடும் வாசகர் வட்டத்துக்கு ஒரு கதை தருவதாக வாய்விட்டுவிட்டேன். கதை என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கார் எஞ்சினிலிருந்து கழற்றிய ஒரு தெர்மோஸ்டாட். எழுதினால் பாரம் குறையும் என்றார்கள். குறையவில்லை, எரிச்சல்தான் கூடுகிறது.

தொடக்கம்: தோ பாயோவின் இளவெயிலில் நூர்தீனின் கார்

சீ. வெயில் இல்லாமல் ஒரு கதை தொடங்காதா?

2

நூர்தீன் நல்ல கணவன். அவன் ஒருபோதும் மனைவிமேல்

(இதை முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

சரி, கட்டுரையாகவே சொல்கிறேன். தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியிருக்கும், தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. நடுவில் ஒரு குப்பி, குப்பிக்குள் மெழுகு. எண்பது டிகிரியைத் தாண்டினால் மெழுகு உருகிப் பருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். சூடு குறைந்தால் மெழுகு சுருங்கும், ஸ்பிரிங் மூடிவிடும். இவ்வளவுதான். இந்த இவ்வளவு அன்றைக்குத் தெரிந்திருக்கக் கூடாதா?

4

நெரிசலில் ஒருநாள் வெப்பமுள் சிவப்புக்கு ஏறியதும் நூர்தீன் பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓடினான்.

"தெர்மோஸ்டாட் போயிடுச்சு. புதுசு போட்டுடலாம், பாய்," என்றார் மெக்கானிக் பாலகிருஷ்ணன்.

"நம்ம ஊரு சூட்டுக்கு இது எதுக்குலா? குளிர் நாட்டுக்காரனுக்குச் செஞ்சது. கழட்டிட்டு விடுங்க."

"எஞ்சின் சூடே ஏறாது, பாய். வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர், எஞ்சின் இன்னும் ஜில்லுன்னு இருக்குன்னு நெனச்சு பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும்."

"நான் வீடியோ பாத்துட்டேன். கழட்டுங்க."

(அரைகுறை! இந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்கவே இல்லை. மாற்றலாமென்றால் வேறு ஆள் இல்லை.)

5

இரண்டே வாரத்தில் பெட்ரோல் கரைந்தது, எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. அந்தக் காரைச் சனிக்கிழமைதோறும் பொங்கோலில் இருக்கும் மகள் ஹனீன் வீட்டுக்கு ஓட்டிப்போவது நூர்தீனின் மனைவி சாயிரா பானு. ஐம்பத்திரண்டு வயதில், நான்காவது டெஸ்ட்டில் லைசன்ஸ் வாங்கியவள்.

"ஏங்க இப்படி ஆகுது?" என்று கேட்டாள்.

"எல்லாம் நீ மிதிக்கிற மிதிதான், பானு," என்றேன்.

என்றான் என்று எழுதியிருக்க வேண்டும். போகட்டும், விடுங்கள்.

6

மூன்று சனிக்கிழமைகளாகப் பானு பேருந்தில் போகிறாள். கார் சாவி ஆணியில் தொங்குகிறது. நேற்று சொன்னாள்: "வண்டியைக் கொடுத்துடலாங்க. எனக்கு ஓட்ட வராது. மூணு தடவை பெயிலானப்பவே புரிஞ்சிருக்கணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தேநீரைக் குடித்து முடித்தேன்.

7

ஒரு முடிவு: பாலகிருஷ்ணன் ரகசியமாகப் புதியதை மாட்டுகிறார், விளக்கு அணைகிறது, யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. (எழுதிப் பார்த்தேன். அதிலும் அவள் பேருந்தில்தான் போகிறாள்.)

இன்னொரு முடிவு: நூர்தீன் மனைவியைக் கூப்பிட்டு

"ஏங்க, ஒரு மணி நேரமா அடிச்சு அடிச்சு எழுதுறீங்களே. வாசிங்க, கேப்போம்."

பானு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். கேட்பதற்கு எதற்குக் கண்ணாடி?

நூர்தீன் என்று வரும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டேன். அங்கே என்ன வரவேண்டும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு வாய் வரவில்லை. தாள் இதோ இருக்கிறது, நீங்களாவது வாசியுங்களேன். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.